பேரே இல்லாத மழைதான் தாம்பரத்தை மூழ்கடித்தது! புயலை கண்காணிப்பது எப்படி? அளப்பது எப்படி? முழு விவரம்

சேலையூர்:-

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் போதும். கேம்ப் ரோடு டீக்கடையில் இருந்து தாம்பரம் ரெயில் நிலையம் வரை ஒரே பேச்சுதான். "புயல் வருதாமே... எத்தனாம் நம்பர் கூண்டு? எங்க கரையை கடக்குதாம்? நாளைக்கு ஸ்கூல் லீவா?"

அந்த நேரத்தில் டி.வி.யில் காற்றின் வேகம், கூண்டு எண், கரையை கடக்கும் ஊர் என்று வரிசையாக சொல்வார்கள். "நம்ம ஊர்ல இருந்து ரொம்ப தூரத்துலதான் கடக்குது" என்று காதில் விழுந்ததும் பாதி பேர் நிம்மதியாக தூங்க போய்விடுவார்கள்.

ஆனால் தாம்பரம் சுற்றுவட்டாரத்தை இந்த தலைமுறையில் அதிகம் ஆட்டிப்படைத்த மழைக்கு பெயரே கிடையாது. அது புயலும் அல்ல.

2015-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அதே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, ஜனங்கள் மொட்டை மாடிகளில் நின்றது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. அன்று எந்த கூண்டும் நம்மை காப்பாற்றவில்லை. வங்க கடலில் இருந்த காற்றழுத்த தாழ்வும், கடலில் இருந்து விடாமல் வந்த ஈரக்காற்றும் சேர்ந்து கொட்டிய மழை அது.

49 செ.மீ. என்றால் எவ்வளவு? ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். கணக்கு போட்டால் ஒரு கிரவுண்டில் மட்டும் ஒரே நாளில் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி ஒன்பதை கொண்டுவந்து உங்கள் மனையில் கவிழ்த்தது போல!

புயல் எச்சரிக்கையில் இரண்டு தனித்தனி கணக்குகள் இருக்கின்றன. ஒன்று காற்று கணக்கு. இன்னொன்று தண்ணீர் கணக்கு. புயலின் தரத்தை முடிவு செய்வது காற்று மட்டுமே. நம்ம ஏரியாவில் அதிகம் சேதம் செய்வது தண்ணீர். இரண்டையும் எப்படி அளக்கிறார்கள், செய்தியை எப்படி படிக்க வேண்டும் என்பதை பார்ப்போம்.

புயல் பிறப்பது எப்படி?

கடல் தண்ணீரின் மேல்பகுதி சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால், அதில் இருந்து கிளம்பும் ஈரமான சூடான காற்று மேலே போகும். மேலே போனதும் குளிர்ந்து மேகமாகும். அப்போது அந்த ஈரத்தில் இருந்த வெப்பம் வெளியே வரும். அந்த வெப்பம் இன்னும் காற்றை மேலே தூக்கும். கீழே காற்றின் அழுத்தம் குறையும். காலியான இடத்தை நிரப்ப சுற்றி உள்ள காற்று ஓடி வரும்.

பூமி சுற்றுவதால் அந்த காற்று நேராக வராமல் சுழன்று வரும். நமது பக்கத்தில் கடிகார முள்ளுக்கு எதிர் திசையில் சுழலும். அதுதான் புயல். இதற்கு தீனி போடுவது கடலின் சூடு. அதனால்தான் தரைக்கு ஏறியதும் புயலின் பலம் குறைய ஆரம்பிக்கிறது.

'சைக்ளோன்' என்ற ஆங்கில பெயரை வைத்தவரே நம் நாட்டில் வேலை பார்த்தவர்தான். கொல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த பெயரை வழக்கத்துக்கு கொண்டு வந்தார்.

தாழ்வு பகுதி முதல் சூப்பர் புயல் வரை

"காற்றழுத்த தாழ்வு பகுதி... தாழ்வு மண்டலமாக மாறி... ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுப்பெற்று..." என்று செய்தியில் வரும் வார்த்தைகள் ஏதோ அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு. மையத்தை சுற்றி வீசும் காற்றின் வேகத்தை வைத்து இந்திய வானிலை ஆய்வு துறை பிரித்திருக்கும் அளவு இது (மணிக்கு கி.மீ. கணக்கில்):

- காற்றழுத்த தாழ்வு பகுதி: 31-க்கும் கீழே
- காற்றழுத்த தாழ்வு மண்டலம்: 31 முதல் 49 வரை
- ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம்: 50 முதல் 61 வரை
- புயல்: 62 முதல் 88 வரை
- தீவிர புயல்: 89 முதல் 117 வரை
- மிக தீவிர புயல்: 118 முதல் 166 வரை
- அதி தீவிர புயல்: 167 முதல் 221 வரை
- சூப்பர் புயல்: 222-ம் அதற்கு மேலும்

62 கி.மீ.யை தொட்டால்தான் 'புயல்'. அப்போதுதான் பெயர். 61-ல் நின்றுவிட்டால் பெயர் கிடையாது. இந்த பட்டியலில் மழை என்ற வார்த்தையே எங்கும் இல்லை என்பதை கவனியுங்கள்.

'இடையிடையே 90 கி.மீ.' என்றால் என்ன?

"மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 90 கி.மீ. வேகத்திலும் சூறைக்காற்று வீசும்" என்று அறிவிப்பு வரும். இதில் முதல் எண் சராசரி. 3 நிமிடம் வீசும் காற்றின் சராசரியை எடுப்பது இந்திய வழக்கம். அமெரிக்காவில் 1 நிமிட சராசரி. வேறு பல நாடுகளில் 10 நிமிட சராசரி. அதனால்தான் ஒரே புயலுக்கு வெளிநாட்டு இணையதளத்தில் ஒரு வேகமும், நமது வானிலை மையத்தில் இன்னொரு வேகமும் வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

இரண்டாவது எண், சில நொடிகள் மட்டும் 'குப்'பென்று அடிக்கும் காற்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை தூக்குவதும், முருங்கை மரத்தை முறிப்பதும் பெரும்பாலும் இந்த காற்றுதான்.

இன்னொரு விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது சுவரிலும் போர்டிலும் கொடுக்கும் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு! 60 கி.மீ. காற்றை தாங்கிய விளம்பர போர்டு 120 கி.மீ. காற்றில் நாலு மடங்கு அடியை வாங்குகிறது.

இரண்டு வேகத்தை குழப்பிக்கொள்ளாதீர்கள்

"புயல் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகர்கிறது" என்றதும், "பத்து கிலோ மீட்டர்தானா? சைக்கிள்லயே போயிடலாமே" என்று சிரிப்பவர்கள் உண்டு. அது புயல் மொத்தமாக இடம் மாறும் வேகம். பம்பரம் தரையில் மெதுவாக நகரும். ஆனால் அது சுற்றும் வேகம் வேறு அல்லவா? அப்படித்தான்.

சொல்லப்போனால், மெதுவாக நகரும் புயல்தான் நமக்கு அதிக ஆபத்து. வேகமாக போகிற புயல் அடித்துவிட்டு போய்விடும். மெதுவாக போகிற புயல் ஒரே இடத்தில் நின்று கொட்டும்.

2023 டிசம்பரில் வந்த 'மிச்சாங்' இதற்கு சரியான உதாரணம். அது சென்னையில் கரையை கடக்கவே இல்லை. டிசம்பர் 5-ந்தேதி ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனால் அதற்கு முன்பு சென்னை கரையை ஒட்டி கடலிலேயே மெதுவாக ஊர்ந்து போனது. விளைவு? பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெருங்குடி, முடிச்சூர் என்று தென்சென்னை புறநகரே தண்ணீரில் மிதந்தது. 'கரையை கடக்கும் ஊர்' எது என்று மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் ஒரு கண்

நடுக்கடலில் இருக்கும் புயலை எப்படி பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் விமானத்தை புயலுக்கு உள்ளேயே ஓட்டிச்சென்று அளக்கிறார்கள். வங்க கடலில் அந்த வழக்கம் இல்லை. இங்கே முதல் கண், செயற்கைகோள்தான்.

2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி.ஆர்., 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டி.எஸ். போன்ற செயற்கைகோள்கள் பூமியில் இருந்து சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால் எப்போதும் நமது தலைக்கு மேலேயே நிற்பது போல இருக்கும். சாதாரண கேமரா மட்டும் அல்ல, அகச்சிவப்பு கதிரை பார்க்கும் கருவியும் இருப்பதால் ராத்திரியிலும் மேகம் தெரியும். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்கு அது வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

படத்தை பார்த்து காற்றின் வேகத்தை எப்படி சொல்கிறார்கள் என்ற கேள்வி வரலாம். அதற்கு வழி கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி வெர்னான் டுவோராக். 1970-களில் அவர் ஒரு முறையை உருவாக்கினார். மேகம் எவ்வளவு நெருக்கமாக சுருண்டு இருக்கிறது, நடுவில் 'கண்' தெரிகிறதா, கண்ணை சுற்றி உள்ள மேகம் எவ்வளவு குளிர்ச்சி என்று பார்த்து 1 முதல் 8 வரை மார்க் போடுவார்கள். இதற்கு 'டி நம்பர்' என்று பெயர். 2.5 மார்க் வாங்கினால் அது புயல். டாக்டர் நாடி பிடித்து பார்ப்பது போலத்தான். ஆனால் அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் இந்த முறையைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

கடல் மட்டத்தில் வீசும் காற்றை அளக்க வேறு வகை செயற்கைகோள் இருக்கிறது. 2022 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஓசன்சாட்-3 அதில் ஒன்று. அது கடலை நோக்கி ரேடார் அலையை அனுப்பும். காற்று அடிக்கும் இடத்தில் கடலின் மேல்பகுதி சொரசொரப்பாக இருக்கும். திரும்பி வரும் அலையை வைத்து அங்கே காற்று எவ்வளவு, எந்த திசை என்று கணக்கிடுவார்கள்.

நம்ம பள்ளிக்கரணையில் என்ன நடக்கிறது?

தாம்பரம்-வேளச்சேரி சாலையில் தினமும் பஸ்சில் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தை தாண்டித்தான் போகிறார்கள். 1993-ல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனத்துக்கும் புயல் செய்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வங்க கடலிலும் அரபிக்கடலிலும் கடல் அடியில் நங்கூரம் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும் மிதவைகளை பராமரிப்பது இந்த நிறுவனம்தான். காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம், கடல் தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் அந்த மிதவைகள் அளந்து செயற்கைகோள் மூலம் அனுப்பும். செயற்கைகோள் மேலே இருந்து ஊகிக்கிறது. மிதவையோ புயலின் நடுவிலேயே நின்று அளக்கிறது. காற்றழுத்தம் சாதாரணமாக 1,010 மில்லிபார் அளவில் இருக்கும். அது கிடுகிடுவென்று இறங்கினால் புயல் வலுவாகிறது என்று அர்த்தம்.

அதே வளாகத்தில்தான் 'எக்ஸ்-பேண்ட்' டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2022 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்னை துறைமுக பகுதியில் 2002-ல் நிறுவப்பட்ட 'எஸ்-பேண்ட்' ரேடார் இதற்கு அண்ணன். இவை தவிர காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டாவிலும் ரேடார்கள் உண்டு.

டாப்ளர் என்றால் என்ன? தாம்பரத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரெயில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவதை கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது சத்தம் 'கீச்'சென்று இருக்கும். தாண்டி போனதும் சட்டென்று இறங்கிவிடும். அதே தத்துவம்தான். ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டு திரும்பும்போது, துளி நம்மை நோக்கி வருகிறதா, விலகி போகிறதா, எவ்வளவு வேகம் என்பது தெரிந்துவிடும். எவ்வளவு அலை திரும்புகிறது என்பதை வைத்து மழையின் பலமும் தெரியும்.

துறைமுக ரேடாரின் அலைநீளம் சுமார் 10 செ.மீ. பல நூறு கி.மீ. தூரம் கடலுக்குள் பார்க்கும். பள்ளிக்கரணை ரேடாரின் அலைநீளம் சுமார் 3 செ.மீ. 100, 150 கி.மீ. தூரம்தான் பார்க்கும். ஆனால் பக்கத்தில் உள்ள மேகத்தை நுணுக்கமாக காட்டும். அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. மழை மிக பலமாக பெய்தால், முன்னால் நிற்கும் மழையே பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதனால்தான் இரண்டு வகையும் தேவைப்படுகிறது.

மீனம்பாக்கம் பலூன்

மீனம்பாக்கத்தில் இருந்து தினமும் இரண்டு முறை ஒரு பெரிய பலூன் மேலே போகிறது. அதில் கட்டிய சின்ன டப்பா போன்ற கருவி, மேலே போக போக வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அளந்து ரேடியோ மூலம் கீழே அனுப்பும். காலை 5.30, மாலை 5.30 மணி கணக்கில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இப்படி பலூன் விடுகிறார்கள். மேல் அடுக்கில் காற்று எந்த பக்கம் தள்ளுகிறதோ, அந்த பக்கம்தான் புயல் போகும். ஆற்றில் மிதக்கும் கட்டை, தண்ணீர் இழுக்கும் பக்கம் போவது மாதிரி.

இந்த எல்லா தகவலும் கம்ப்யூட்டருக்குள் போகும். பல நாட்டு கணிப்புகளையும் ஒப்பிட்டு பார்த்து, டெல்லியில் உள்ள புயல் எச்சரிக்கை மையமும், சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல மையமும் அறிவிப்பு வெளியிடும். நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டில் இருந்தே வானியல் கூடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கரையை கடக்கும் இடம்: கொஞ்சம் முன்னே, பின்னே

24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லப்படும் புயலின் இடம் சராசரியாக 70, 80 கி.மீ. வரை தள்ளிப்போகலாம். முன்பு இருந்ததைவிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் நமக்கு அது சின்ன தூரம் அல்ல. மெரினாவில் இருந்து மாமல்லபுரமே 60 கி.மீ.க்குள்தான். அதனால்தான் படத்தில் புயல் போகும் பாதையை ஒற்றை கோடாக போடாமல், போக போக விரியும் கூம்பு போல போடுகிறார்கள். கோட்டை பார்க்காதீர்கள். கூம்புக்குள் நம்ம ஊர் இருக்கிறதா என்று பாருங்கள்.

புயலின் எந்த பக்கம் நாம் இருக்கிறோம் என்பதும் முக்கியம். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடக்கு பக்கத்தில் கடலில் இருந்து காற்று தரைக்குள் அடிக்கும். கடல் அலையையும் மழையையும் அதுதான் தள்ளிக்கொண்டு வரும். புயல் புதுச்சேரி பக்கம் கடந்தால் நாம் அதன் வடக்கு பக்கம் மாட்டிக்கொள்கிறோம். 2020 நவம்பரில் 'நிவர்' மரக்காணம் அருகேதான் கடந்தது. ஆனால் தாம்பரத்தில் ஒரே நாளில் 31 செ.மீ. மழை கொட்டியது!

2016 டிசம்பர் 12-ந்தேதி 'வர்தா' வேறு மாதிரி. நேராக சென்னை மீதே ஏறியது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று மாலை புயலின் கண் நகரை கடந்தபோது திடீரென காற்று அடங்கியது. "அப்பாடா, முடிஞ்சுது" என்று தெருவுக்கு வந்தவர்கள் பலர். கொஞ்ச நேரத்தில் எதிர் திசையில் இருந்து மறுபடியும் காற்று அடித்தது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் நடக்கும். முதல் பாதியில் வடக்கில் இருந்து, பிறகு தெற்கில் இருந்து. முதல் அடியில் ஆடிப்போன மரம் இரண்டாவது அடியில் விழும். எனவே வானிலை மையம் சொல்லும் வரை வெளியே வரக்கூடாது.

கூண்டு யாருக்கு?

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கை கூண்டு கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் ஆனது. 1 முதல் 11 வரை உண்டு. 1, 2 என்றால் தூரத்தில் கடலில் தாழ்வு மண்டலம் அல்லது புயல் உருவாகி இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தில் மோசமான வானிலை ஏற்படலாம். 5, 6, 7 என்றால் அபாயம். 8, 9, 10 என்றால் தீவிர புயலால் பெரிய அபாயம். இவற்றில் எண் மாறுவது, புயல் துறைமுகத்தின் எந்த பக்கமாக போகிறது, அல்லது நேராக வருகிறதா என்பதை பொறுத்தது. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

சேலையூரில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை எந்த கூண்டும் சொல்லாது.

பெயர் வைப்பது யார்?

வங்க கடல், அரபிக்கடல் புயல்களுக்கு 2004 முதல் பெயர் வைக்கிறார்கள். இப்போது 13 நாடுகள் பெயர் கொடுக்கின்றன. 2020-ல் 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல் வந்தது. 'வர்தா' பாகிஸ்தான் கொடுத்தது. 'கஜா' இலங்கை, 'நிவர்' ஈரான், 'மாண்டஸ்' ஐக்கிய அரபு அமீரகம், 'மிச்சாங்' மியான்மர், 'பெஞ்சல்' சவுதி அரேபியா. பட்டியலில் வரிசைப்படி வருவதே தவிர, பெயருக்கும் புயலின் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீர் கணக்கு

மழையை அளக்கும் கருவி மிக எளிமையானது. திறந்த வெளியில் வைத்த ஒரு புனல், அதன் கீழ் ஒரு பாத்திரம். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையாக எழுதுவார்கள். தானியங்கி கருவிகள் இப்போது இடைவிடாமல் அளந்து அனுப்புகின்றன.

- கனமழை: 7 முதல் 11 செ.மீ. வரை
- மிக கனமழை: 12 முதல் 20 செ.மீ. வரை
- அதி கனமழை: 21 செ.மீ.யும் அதற்கு மேலும்

நிற எச்சரிக்கையும் உண்டு. மஞ்சள் என்றால் செய்தியை கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள்.

காற்று கணக்கில் சாதாரணம், தண்ணீர் கணக்கில் பயங்கரம் என்பதற்கு 'பெஞ்சல்' சாட்சி. 2024 நவம்பர் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கடந்தபோது காற்று 70 முதல் 80 கி.மீ.தான். படிக்கட்டில் அது வெறும் 'புயல்'. ஆனால் கிட்டத்தட்ட அசையாமல் நின்று கொட்டியதில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. கரையில் இருந்து வெகுதூரம் உள்ள திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் பலியானார்கள். 2025 நவம்பரில் இலங்கையை தாக்கிய 'டிட்வா'வும் காற்றில் பெரிய புயல் அல்ல. ஆனால் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எச்சரிக்கையை சரியாக கேட்டால் உயிர் பிழைக்கலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவை தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே ஒடிசாவுக்கு அதி தீவிர 'பைலின்' வந்தது. முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றியதால் பலி எண்ணிக்கை நூறைக்கூட தொடவில்லை.

நம்ம ஏரியாவில் தண்ணீர் எங்கே போகிறது?

சேலையூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் வழியாக நன்மங்கலம் போய், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கு போக வேண்டும். மேற்கு தாம்பரம், முடிச்சூர் பக்கத்து தண்ணீர் அடையாறு வழியாக போகிறது.

புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நின்றால் முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காது. பின்னால் வருகிற தண்ணீர் அப்படியே தேங்கும். கடல் அலை சேலையூருக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் கடல் வாங்க மறுத்த தண்ணீர் நமது தெருவிலேயே நிற்கும். மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்தி வரும்போது என்ன பார்க்க வேண்டும்?

1. பட்டியலில் 'சென்னை'யை மட்டும் தேடாதீர்கள். சேலையூர், தாம்பரம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். மழை எச்சரிக்கையும், பள்ளி விடுமுறையும் செங்கல்பட்டு பெயரில்தான் வரும்.

2. புயலா, தாழ்வு மண்டலமா என்பதற்கு முன்பு, 'மிக கனமழை', 'அதி கனமழை' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். அதி கனமழை என்றால் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தயாராக வேண்டியதுதான்.

3. புயல் நகரும் வேகத்தை பாருங்கள். 'மெதுவாக நகர்கிறது', 'ஒரே இடத்தில் நிலைகொண்டுள்ளது' என்றால் மழை நீடிக்கும்.

4. தரைத்தளத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி மேலே வையுங்கள். இன்வெர்ட்டர், மோட்டார், பைக்கை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

5. கரண்ட் கம்பி அறுந்து கிடக்கும் தண்ணீரில் இறங்காதீர்கள். அவசரத்துக்கு மாவட்ட பேரிடர் எண் 1077, மாநில எண் 1070.

6. வாட்ஸ்அப்பில் வரும் "பயங்கர புயல்" வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு தேதி, நேரத்துடன் இருக்கும். அது இல்லாத செய்தி பழசாகவோ, புரளியாகவோ இருக்கலாம்.

அடுத்த முறை டீக்கடையில் "எத்தனாம் நம்பர் கூண்டு?" என்று யாராவது கேட்டால், "அது இருக்கட்டும், செங்கல்பட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை சொல்லியிருக்காங்க?" என்று திருப்பி கேளுங்கள். 49 செ.மீ. கொட்டிய அந்த ராத்திரியை பார்த்தவர்களுக்கு இந்த கேள்வியின் அர்த்தம் உடனே புரியும்.